பெயர் சொல்லி மன்றாடுங்கள்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரிச் செயலர் தந்தை அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், முன்னாள் மாணவர் சங்கச் செயற்குழுவினருக்கும்,

செப்டம்பர் இறுதியில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த உங்கள் சுற்றறிக்கைதான் இம்மடலை எழுத வைத்தது. நவம்பர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையன்று, மறைந்த முன்னாள் மாணவர்களுக்காகக் கல்லூரிச் சிற்றாலயத்தில் நடந்துவரும் நினைவுத் திருப்பலியில் (பூசையில்) பெயர்களை வாசிக்கும் வழக்கம், சென்ற ஆண்டு நேரமில்லை என்று விடப்பட்டது. இனி அது நிலையாகவே கைவிடப்படுகிறது என்கிறது அந்த அறிக்கை. அதற்கு மாற்றாக, மறைந்த அனைவருக்கும் சேர்த்துப் பொதுவில் ஒரு மன்றாட்டு சொல்லப்படும்; ஜனவரியில் கூடும் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு நிமிட மௌனம் இருக்கும்; அப்போது ஆயுள் உறுப்பினர்களாக இருந்து மறைந்தவர்களின் படங்கள் திரையில் காட்டப்படும்; திருப்பலியில் தம் வீட்டாரின் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று விரும்புவோர் அலுவலகத்தில் காணிக்கை செலுத்தி, யாருக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற கருத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். மொத்தம் நான்கு வரிகள். அதன்கீழ் ஒருவர்பின் ஒருவராகக் கைகூப்பும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள் நம்மவர்கள். படித்துவிட்டுத்தான் போட்டார்களா என்பது எனக்கு இன்னும் ஐயமாகவே இருக்கிறது.

நான் 1983 முதல் 1986 வரை இங்கே வணிகவியல் படித்தவன். கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பல ஆண்டுகள் பெயர்களை வாசித்துவந்த அலுவலக எழுத்தர் காலமான பிறகு, 2014 முதல் மறைந்தோர் பெயர்கள் எழுதிய ஏட்டைக் கையில் வாங்கி வாசித்தவனும் நானே. கல்லூரியின் பெயரை இதில் எழுதவில்லை. நான் உண்ட சோற்றைத் தெருவில் கொட்டுவது என் நோக்கம் அன்று. ஆனாலும் இதைப் பொதுவில் எழுதுகிறேன். ஏனென்றால் அக்டோபரில் மூன்று முறை நேரில் வந்து, மூன்று முறையும் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

நீங்கள் கைவிட்டது எதை என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்; நீங்கள் வந்து சில ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதனால் முதலில் அந்த ஏட்டைப் பற்றிச் சொல்கிறேன். சிவப்புத் துணி ஒட்டிய அட்டை, கணக்கு எழுதும் நீளமான பேரேடு. பெயர், பிரிவு, படித்த ஆண்டு, ஊர், மறைந்த நாள் என்று ஐந்து கட்டங்கள். எழுத்தரின் கையெழுத்து சாய்வில்லாத உருண்டை எழுத்து. மை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மறைந்த நாள் தெரியாத இடத்தில் "தெரியவில்லை, ஆடி மாதம் என்கிறார் அண்ணன்" என்று எழுதியிருப்பார். ஒரு பெயருக்கு எதிரே "பட்டம் பெறவில்லை, இரண்டாம் ஆண்டில் நின்றார்" என்றிருக்கும். படிப்பை முடிக்காதவர் பெயரையும் ஏன் எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். வருகைப் பதிவேட்டில் ஒருநாள் பெயர் ஏறியிருந்தாலும் அவன் நம்ம பையன்தான் என்றார். ஆயுள் சந்தா கட்டினவரா என்ற கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

சாவுச் செய்தி அவருக்கு எப்படியெல்லாமோ வரும். அஞ்சலட்டையில் வரும், பேருந்திலிருந்து பார்த்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலிருந்து வரும், மாற்றுச் சான்றிதழ் நகல் கேட்டு வரும் தம்பி சொல்லி வரும். இரண்டு பேரிடம் உறுதி செய்யாமல் அவர் பேனாவைத் திறக்கமாட்டார். அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. ஒருமுறை யாரோ சொன்னதை நம்பி, உயிரோடு இருந்தவர் பெயரை எழுதிவிட்டார். அந்த மனிதர் மறு மாதமே நேரில் வந்து, சிரித்துக்கொண்டே தம் பெயரைத் தாமே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சிறு கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். அந்த அடித்தல் இன்றும் அப்பக்கத்தில் இருக்கிறது. 2019இல் அவர் பெயரை அதே ஏட்டில், வேறொரு பக்கத்தில், நான் எழுதினேன்.

நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். சுற்றறிக்கையில் நேரம் மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. வேறு சில காரணங்கள் செயற்குழு உறுப்பினர் இருவர் வாயிலாக எனக்குத் தெரியவந்தன.

நேரம் என்பதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. நான் வாசிக்கும் வேகத்தில் மொத்தப் பெயர்களுக்கும் இருபத்தைந்து நிமிடம் ஆகும். வயதானவர்கள் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் சென்ற ஜனவரிக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நானே இரண்டு வாங்கினேன். இரண்டும் பீரோவில் மடித்தபடி இருக்கின்றன. திருப்பலி நீள்கிறது என்றால், அது தொடங்குவதற்கு முன்பே பெயர்களை வாசித்து முடித்துவிடலாம். காலை ஏழு மணிக்கு வரச்சொன்னால் நான் ஆறரைக்கே வந்து நிற்பேன்.

ஏட்டில் பாதிக்கு மேற்பட்டோர் கிறித்தவர் அல்லர், அவர்களின் பெயரைத் திருப்பலியில் வாசிப்பது முறைதானா என்பது இரண்டாவது காரணமாம். இதைக் கேட்டபோது எனக்குக் கோபத்தைவிட வியப்பே மிகுதியாக இருந்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 901ஆம் எண், உயிரோடிருப்பவர், இறந்தவர் எவருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. 'எவருக்காகவும்' என்பதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்று அதில் இல்லை. அந்த வீட்டாரும் இதை ஒருநாளும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. திருப்புவனத்தில் வைகைக் கரையில் திதி கொடுத்துவிட்டு நவம்பரில் இங்கு வந்து உட்காரும் தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் பாத்திஹா ஓதிவிட்டு, பெயர் வாசிக்கும் நேரம் வரை சிற்றாலயத் தாழ்வாரத்தில் நிற்கும் அண்ணன் தம்பியரையும் பார்த்திருக்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் மதம் பார்க்காமல் சேர்த்துக்கொண்ட கல்லூரி, சாவுக்குப் பிறகு அதைப் பார்க்கத் தொடங்குவதை அவர்களிடம் நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

அனைவருக்கும் சேர்த்து ஒரே மன்றாட்டுச் சொன்னால் போதாதா, கடவுளுக்குப் பெயர் தெரியாதா என்றாராம் ஒருவர். கடவுளுக்குத் தெரியும். திருச்சபைக்கும் அது தெரியும். தெரிந்தும் அது பெயர் சொல்வதை விடவில்லை. தொடக்க நூற்றாண்டுகளில், இரண்டு பலகைகளை இணைத்த மடக்கேட்டில் வாழ்வோர் பெயரையும் மறைந்தோர் பெயரையும் எழுதி வழிபாட்டில் வாசித்தார்கள். துறவு மடங்களில் மறைந்தோர் பெயரேடு வைத்து, அவரவர் இறந்த நாளில் அவரவர் பெயரைச் சொன்னார்கள். நாம் இன்று நவம்பர் 2ஆம் நாளைக் கல்லறைத் திருநாளாகக் கொண்டாடுவதற்கு வழிவகுத்த குளூனி மடத்து அதிபர் ஓதிலோவும், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், அந்தப் பெயர் சொல்லும் மரபுக்குள் இருந்தவரே. இன்றும் திருப்பலியின் நடுவே குரு சொல்லும் முதலாம் நற்கருணை மன்றாட்டில், இறந்தோரை நினைக்கும் இடத்தில், பெயர் சொல்வதற்கென்றே வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. அந்த வெற்றிடத்தைத்தான் நம் ஏடு நிரப்பிக்கொண்டிருந்தது.

காணிக்கை பற்றி எழுதக் கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. பூசைக் கருத்துக்குக் காணிக்கை கொடுப்பது நம் வழக்கம். என் பெற்றோருக்கு ஆண்டுதோறும் நானும் கொடுக்கிறேன். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே சட்டத் தொகுப்பின் 945ஆம் எண், காணிக்கை பெறாவிட்டாலும் மக்களின் கருத்துக்காக, குறிப்பாக ஏழைகளின் கருத்துக்காகத் திருப்பலி நிறைவேற்றுமாறு குருக்களை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறது. 1915இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் கல்லறைத் திருநாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று அனுமதித்தார். ஆனால் ஒரு பூசைக்கு மட்டுமே காணிக்கை வாங்கலாம் என்றார். மற்ற இரண்டில் ஒன்று இறந்த விசுவாசிகள் அனைவருக்குமானது, இன்னொன்று திருத்தந்தையின் கருத்துக்கானது. காசு கொடுத்துக் கேட்க ஆளில்லாதவர்கள் விட்டுப்போகக் கூடாது என்ற கவலை அந்த ஏற்பாட்டில் தெரிகிறது. நம் ஏட்டில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். வாரிசு இல்லாமல் போனவர்கள், குடும்பம் சிதறிப்போனவர்கள், விடுதிச் சமையலறையில் முப்பது ஆண்டு சோறு வடித்துச் செத்த ஒருவர். எழுத்தர் அவரையும், பிரிவு என்ற கட்டத்தில் "சமையல்" என்று போட்டு, சேர்த்திருக்கிறார். இவர்களுக்காக அலுவலகச் சன்னலில் ரசீது வாங்க யார் வருவார்கள்?

தனிநபர் தகவலைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டதாம். இறந்த மறுநாளே, பிறந்த தேதி முதல் பேரப்பிள்ளை பெயர் வரை போட்டுத் தெருமுனையில் சுவரொட்டி ஒட்டும் ஊர் மதுரை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

2021ஆம் ஆண்டை மட்டும் நினைவுபடுத்த விரும்புகிறேன். அந்த மே மாதம் என் வகுப்புத் தோழர் ஒருவரைத் தத்தனேரி மயானத்துக்குக் கொண்டுபோனபோது, உடன் போனது இரண்டே பேர். நான் சாலைக்கு எதிர்ப்புறம் முகக்கவசத்தோடு நின்று, ஆம்புலன்ஸ் உள்ளே திரும்புவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான் அவருக்கு நான் செய்த இறுதி மரியாதை. வழக்கமாக ஆண்டுக்கு அரைப்பக்கம் நிறையும் ஏட்டில், அவ்வாண்டு மூன்று பக்கம் எழுத வேண்டியிருந்தது. நவம்பரில் அந்த மூன்று பக்கங்களையும் வாசித்தேன். மாலை போடாமல், முகம் பார்க்காமல், ஊர் கூடாமல் போனவர்களுக்கு, நாலு பேர் கேட்கப் பெயர் சொன்ன முதல் இடம் நம் சிற்றாலயம்தான். தோழரின் மனைவி திருப்பலி முடிந்த பின் என்னிடம் வந்து, இன்னொருமுறை வாசிக்க முடியுமா என்று கேட்டார். ஆலயத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். ஏட்டைத் திறந்து, பெயர், பிரிவு, ஆண்டு, ஊர் எல்லாவற்றையும் முறைப்படி மறுபடி வாசித்தேன்.

சென்ற நவம்பரில் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். மேலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வயதான அம்மா ஒருவர் ஆண்டுதோறும் வருவார். அவர் மகன் எனக்குப் பின் படித்தவர். 1988இல், இறுதியாண்டில், மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அந்த அம்மா கிறித்தவர் அல்லர். முதல் பேருந்தில் மாட்டுத்தாவணிக்கு வந்து, அங்கிருந்து நகரப் பேருந்து பிடித்து வருவார். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருவார். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் முன்னால் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்வார். மகன் பெயர் வந்ததும், பீடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். போகிற வழியில் விடுதிப் பிள்ளைகளிடம் ஒரு தூக்குச் சட்டி முறுக்கைக் கொடுப்பார், தேநீருக்குக்கூட நிற்கமாட்டார்.

சென்ற ஆண்டு பெயர்கள் வாசிக்கப்படவில்லை. திருப்பலி முடிந்தது, மக்கள் கலைந்தார்கள், ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார். அந்த அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். நான் அருகில் போனதும், தலையைச் சாய்த்து ஒரு காதை என் பக்கம் கொடுத்து, "வாசிச்சுட்டாகளாய்யா? காது மந்தமாப் போச்சு, எனக்குத்தான் கேக்கலையோ?" என்றார்.

"வாசிச்சாச்சும்மா" என்றேன்.

திருப்பலி முடிந்த கால்மணி நேரத்தில், பீடத்துக்கு முன்னாலேயே நான் சொன்ன பொய் அது. அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். இந்த ஆண்டும் அவர் வருவார். இந்த ஆண்டும் கேட்பார். இரண்டாவது முறை அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் முடியாது.

சிற்றாலயத்தின் இடப்பக்கச் சுவரில் இருந்த நினைவுக்கல்லைப் பற்றியும் ஒரு சொல். கல்லூரியின் தொடக்க ஆண்டுகளில் படிக்கும்போதே இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த கல் அது. தரைக்குக் கிரானைட் போட்டபோது கழற்றினார்கள், திரும்பப் பதிக்கவில்லை. அது எங்கே போயிற்று என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. தோட்ட வேலை செய்பவர் கூட்டிப்போய்க் காட்டினார். ஜெனரேட்டர் கொட்டகையில், பெயிண்ட் டின்களுக்குப் பின்னால், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்தது. கீழ்மூலை உடைந்து, கடைசிப் பெயரின் பாதி போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. டின் வைக்க இடம் வேண்டியிருந்திருக்கும். இதே வைகையின் மேல்பகுதியில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கிறித்து பிறப்பதற்கு முந்தையவை என்று கணிக்கப்படும் அந்தத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் ஒன்று, கூடலூரில் மாடு கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவனின் பெயரைச் சொல்கிறது: தீயன் அந்தவன். அவன் அரசன் அல்லன்; அவனைப் பற்றி நமக்கு வேறெதுவும் தெரியாது. ஊர்ச் சண்டையில் செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டத் தெரிந்த நாட்டில், வெட்டிவைத்த கல்லைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டோம்.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, இந்த நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை முதல் பெயர்களை முழுமையாக வாசிக்க ஒப்புதல் தாருங்கள். திருப்பலிக்கு முன்பா, இடையிலா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பெயர் வாசிப்புக்கும் காணிக்கைக்கும், பெயர் வாசிப்புக்கும் ஆயுள் சந்தாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். ஜனவரியில் திரையில் படம் காட்டுவதென்றால், படம் கிடைக்காதவர்களின் பெயர்களையும் அதில் சேருங்கள். ஏடு இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது என்பதைத் தெரிவியுங்கள். சென்ற அக்டோபரில் அலுவலகம் அதை என்னிடமிருந்து வாங்கியது, இன்றுவரை பதிலில்லை. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து நூலகத்தில் ஒரு படி வைக்க அனுமதியுங்கள். செலவை எங்கள் வகுப்புத் தோழர்கள் ஏற்றுக்கொள்கிறோம். சென்ற நவம்பருக்குப் பின் மறைந்தவர்களின் பெயர்களை எழுதுவதற்கு நிலையாக ஒருவரை நியமியுங்கள். அது நானாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டு எழுதுகிறவராக இருந்தால் போதும். நினைவுக்கல்லைக் கழுவி, உடைந்த பெயரை ஏட்டில் பார்த்து நிரப்பி, பழைய இடத்திலேயே பதியுங்கள்.

இவற்றில் எதையும் செய்ய இயலாது என்று நீங்கள் முடிவு செய்தால், எனக்கு இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. நவம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்கு முன்பாக, செயலர் தந்தை அவர்களோ முதல்வர் அவர்களோ மேலூருக்கு அப்பாலுள்ள அந்த ஊருக்கு நேரில் சென்று, இனிமேல் அவர் மகன் பெயர் வாசிக்கப்படாது என்பதை அந்த அம்மாவிடம் உரக்கச் சொல்லுங்கள். அவர் முதல் பேருந்தில் கிளம்பி வந்து ஏமாற வேண்டாம். வீடு எனக்குத் தெரியும். வண்டியும் நானே கொண்டுவருகிறேன்.

இவண்,
உங்கள் முன்னாள் மாணவன்,
வணிகவியல், 1983–86